முழங்கால் போடத் தோதான கோட்டு

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்று நாங்கள் சொல்கிற கிறிஸ்தவக் கோவிலிலிருந்து நடந்தே போய்விடுகிற தூரத்தில் அந்தத் தையல் கடை இருக்கிறது. போன மே மாதம் என் மகனுடைய கல்யாணத்துக்காக அங்கே இரண்டு வேலை கொடுத்தேன். 1991இல் எங்கள் கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரர் போட்ட கோட்டைப் பிரித்து மகனுக்குப் பொருந்தத் தைக்க வேண்டும். அதோடு போடப் புதிதாக ஒரு பேண்ட் வேண்டும். கோட்டு வேலைக்கு 2,200 ரூபாய், பேண்ட்டுக்குக் கூலி மட்டும் 600. கோட்டு அருமை. பேண்ட் சுமார்தான். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் பிந்திக் கிடைத்தது. கடையைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதும் என்கிறவர்களுக்கு இதுவே போதும். எனக்கு அந்தத் தையல்காரரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கடையின் பெயரை எழுதவில்லை. அவரே கேட்டுக்கொண்டார். "பேரு போடாதீங்க டீச்சர். கையில இருக்குற வேலையவே முடிக்க முடியல. நம்பி வாறவங்கள காக்க வைக்கக் கூடாது பாருங்க" என்றார். அதனால் பெயரும் இல்லை, தெருவும் இல்லை. ஊசிக்கோபுரத்துப் பக்கம் பழைய ஆட்களிடம் "கோட்டு தைக்கிற அண்ணாச்சி" என்று கேட்டால் கைகாட்டிவிடுவார்கள்.

அங்கே போவதற்கு முன்னால் நாங்கள் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனோம். எந்தக் கடை என்பது வேண்டாம். ஏசி, கண்ணாடி, உட்காரச் சோபா எல்லாம் உண்டு. மாப்பிள்ளைக்கு "ஜென்டில்மேன் பேக்கேஜ்" என்று ஒன்று வைத்திருந்தார்கள்: கோட்டு, பேண்ட், சட்டை, டை, மேல் பையில் செருகுகிற கைக்குட்டை, எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். "இதைப் போட்டா அப்படியே ஜென்டில்மேன் சார்" என்றார் விற்பனைப் பையன். பழைய கோட்டைக் காட்டி, இதைத் திருத்தித் தர முடியுமா என்று நான் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "அம்மாவ அங்க உக்காரச் சொல்லுங்க சார், நாம பாக்கலாம்" என்று மகனிடம் சொன்னார். பெட்டியிலிருந்து எடுத்து, மடிப்புக் கலையாமல் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கோட்டு. அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

அந்தச் சொல் மட்டும் என்னை விடவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஜென்டில்மேன் என்ற சொல்லின் வேர், குடி, குலம் என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல். நல்ல குலத்தில் பிறந்தவன் என்பதுதான் அதன் முதல் பொருள். நல்ல நடத்தை என்ற பொருளெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தது. பிறப்பை வைத்து ஆளை அளக்கிற பழக்கம் நம் சபைகளை விட்டு இன்னும் முழுசாகப் போகவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்த வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அந்த வேரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கசக்கும்.

பிற்பாடு கார்டினல் ஆன நியூமன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், டப்ளின் பல்கலைக்கழகத்துக்காக 1852இல் எழுதிய விரிவுரைகளில், யாருக்கும் வலி உண்டாக்காதவன் என்று சொன்னாலே ஜென்டில்மேனுக்குக் கிட்டத்தட்ட இலக்கணம் சொன்ன மாதிரி என்கிறார். மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஆனால் படிப்பும் பழக்கமும் ஒருவனை ஜென்டில்மேன் ஆக்கும், கிறிஸ்தவன் ஆக்காது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. இரக்கமே இல்லாதவனிடமும் அந்த மேல்பூச்சு இருக்க முடியும் என்று அவரே சொல்கிறார். எழுந்து நின்று நாற்காலி கொடுக்கிற கை, வீட்டுக்குப் போய் என்ன செய்கிறது என்பது வேறு கணக்கு.

சரி, கடைக்கு வருகிறேன்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். மூன்று படி ஏற வேண்டும். கைப்பிடி கிடையாது, மூட்டுவலி உள்ளவர்கள் பார்த்து ஏற வேண்டும். உள்ளே இரண்டு தையல் மிஷின், துணி வெட்டுகிற நீள மேசை, ஒரு ஆள் உயரக் கண்ணாடி. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ரசம் போயிருக்கிறது. உடை மாற்ற மூலையில் ஒரு திரை, அவ்வளவுதான். வாடிக்கையாளர் உட்கார ஒரே ஒரு நாற்காலி. சுவரில் எங்கள் திருச்சபையின் திருமண்டல (மறைமாவட்ட) நாள்காட்டி மட்டும். வசனப் பலகையோ படமோ ஒன்றும் இல்லை.

அண்ணாச்சிக்கு எழுபது வயது இருக்கும். உதவிக்கு ஒரு பையன், இருபத்தைந்து வயதுக்குள். அவனுக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் பாளையங்கோட்டையில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில் படித்தவன். அண்ணாச்சி அவனிடம் பேசும்போது, கையில் என்ன வேலை இருந்தாலும் வைத்துவிட்டு அவன் முகத்துக்கு நேரே திரும்பி நின்று சைகை காட்டுகிறார். எங்களிடம் அவனைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அதையும் கையால் அவனுக்குச் சொல்லிவிடுகிறார். "அவன வச்சிக்கிட்டே அவனுக்குத் தெரியாம பேசுனா நல்லாயிருக்காதுல்லா" என்றார். செவிடனை நிந்திக்கக் கூடாது என்று லேவியராகமத்தில் ஒரு கட்டளை உண்டு. நிந்திப்பதென்றால் திட்டுவது மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கோட்டைக் கையில் வாங்கினதும் உள்பக்கம் திருப்பி, கைக்குழித் தையலை விரலால் தடவினார். "இது எங்க முதலாளி கை டீச்சர்" என்றார். அவர் வேலை பழகிய கடையில்தான் 1991இல் அந்தக் கோட்டைத் தைத்திருக்கிறார்கள். எனக்கே அது நினைவில் இல்லை. டெரிவுல் துணி, கருநீலம். கூடவே தைத்த பேண்ட்டை அந்து அரித்துவிட்டது. கோட்டு மட்டும் தப்பியது, இத்தனை வருடமும் தவறாமல் அந்துருண்டை மாற்றி வைத்ததால்.

என் வீட்டுக்காரர் கல்யாணத்தின்போது ஒல்லி. மகன் தோளும் நெஞ்சும் அகன்றவன். எப்படிப் பொருந்தும் என்று எனக்குச் சந்தேகம்தான். அண்ணாச்சி பிளேடால் லைனிங்கை ஓர் ஓரத்தில் பிரித்துக் காட்டினார். இரண்டு பக்கத் தையலிலும் முதுகுத் தையலிலும் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் துணி மடித்து விட்டிருந்தது. "இன்னைக்கு இருக்குற ஆளுக்கு மட்டும் தைக்கக் கூடாதும்பாரு எங்க முதலாளி. மனுசன் பெருப்பான், மெலிவான், பிள்ளைக்குக் கொடுப்பான். அதுக்கும் சேத்துத் துணி விடணும்பாரு." இன்று கடைகளில் தொங்குகிற கோட்டுகள் பலவற்றில் இப்படித் துணி விடுவதில்லை என்பதைப் பிறகு நானே புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வாங்கப் போகிறவர்கள் உள்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

எது முடியும், எது முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நெஞ்சில் இரண்டரை அங்குலம் வரை விரிக்கலாம். கை இறக்கம் முக்கால் அங்குலம் கூட்டலாம். தோளை மட்டும் தொட முடியாது. தோளைப் பிரித்தால் கோட்டையே புதிதாகத் தைப்பதற்குச் சமம். ஆக, தோளில் லேசான இறுக்கம் இருக்கும், சம்மதமா என்று கேட்டார். காலரை இப்போதைய பாணியில் ஒடுக்கமாக்க முடியுமா என்று மகன் கேட்டதற்கு, "ஆக்கலாம் தம்பி. அப்புறம் அது அப்பா கோட்டா இருக்காது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். மகன் யோசிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும் என்றான்.

அன்றைக்கு நாங்கள் காத்திருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் ஒரு தூய்மைப் பணியாளர் வந்திருந்தார். சீருடைப் பேண்ட் முழங்காலில் கிழிந்திருந்தது, ஒட்டுப் போடக் கொண்டுவந்திருந்தார். படியிலேயே நின்றவரை "உள்ள வாங்க, உக்காருங்க" என்று கூப்பிட்டு அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார வைத்தார் அண்ணாச்சி. நான் நின்றேன். சிறிது நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவர் உள்ளே வரும்போதே, அவசரம், ஒரு நிமிட வேலை, என்ன கூலியானாலும் தருகிறேன் என்றார். "வாங்க, இவங்க முதல்ல வந்தாங்க, முடிச்சிட்டுப் பாக்கிறேன்" என்றார் அண்ணாச்சி. அதே குரல், அதே "வாங்க". கார்க்காரர் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விட்டார். ஒட்டுப் போட்டதற்குக் கூலி 40 ரூபாய்.

யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரம் நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான். மினுக்கான வஸ்திரம் தரித்தவன் ஆலயத்துக்குள் வந்தால், "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்" என்கிறார்கள். கந்தை உடுத்தியவனிடம், "நீ அங்கே நில்லு" என்கிறார்கள். தமிழில் வாசிக்கிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று கேட்கும். ஒருவனுக்கு "நீர்", இன்னொருவனுக்கு "நீ". ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், அந்தப் பேதம் சொல்லில் தெரியாது. நம் மொழியில் வாயைத் திறந்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. வருகிறவன் செருப்பைப் பார்த்துவிட்டு "வாங்க"வா "வா"வா என்று முடிவு செய்கிறவர்கள் நாம். ஞாயிறு காலையில் கோவில் வாசலிலும் அதைச் செய்கிறோம். அந்தக் கடையில் மொத்தம் ஐந்து தடவை போய் உட்கார்ந்திருக்கிறேன். யாருக்கும் "வா" கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பையன்களுக்கும் "வாங்க தம்பி"தான்.

இரண்டாவது தடவை ட்ரையலுக்குப் போனோம். வெள்ளை நூலால் நீளத் தையல் ஓட்டி, கோட்டை மகனுக்குப் போட்டுவிட்டார். கண்ணாடி முன் நிற்கச் சொல்வார் என்று நினைத்தேன். மூலையில் சுருட்டி வைத்திருந்த கோரைப் பாயை எடுத்துத் தரையில் விரித்தார். "முழங்கால் போடுங்க தம்பி" என்றார்.

மகன் என்னைப் பார்த்தான். "கோவில்ல ஐயர் ஆசீர்வாதம் சொல்லும்போது முழங்கால் போடணும்லா? நிக்கும்போது எல்லாக் கோட்டும் நல்லாத்தான் இருக்கும். முழங்கால் போட்டாத்தான் முதுகு எங்க பிடிக்குது, பேண்ட் எங்க இழுக்குதுன்னு தெரியும்." ஐயர் என்பது எங்கள் பக்கத்தில் சபைப் போதகரைச் சொல்வது. மகன் முழங்காலிட்டான். முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே துணி இறுகியது. அண்ணாச்சி அவன் பின்னால் தாமும் முழங்காலிட்டு, சாக்பீஸால் இரண்டு கோடு போட்டார். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார், தாலி கட்டுகிற மாதிரி. பிறகு கீழே விழுந்த பொருளை எடுக்கிற மாதிரி குனியச் சொன்னார். "பொண்ணு சேலையில காலு தட்டுச்சுன்னா நீங்கதான் குனிஞ்சு எடுத்துவிடணும். யாராவது வருவாங்கன்னு நிக்கக் கூடாது. குனிய விடாத சூட்டு எதுக்கு?"

அந்தக் கேள்வியை வீட்டுக்கு வந்த பிறகும் நினைத்துக்கொண்டே இருந்தேன். பைபிளில் ஜென்டில்மேன் என்ற சொல் கிடையாது. சாந்தம் இருக்கிறது. "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாயிருக்கிறேன்" என்று இயேசு தம்மைப் பற்றிச் சொல்கிற சொல் அது. கிரேக்கர்கள் பழக்கப்பட்ட குதிரைக்கும் அந்தச் சொல்லையே சொன்னார்களாம். பலமில்லாத குதிரைக்கு அல்ல, பலம் இருந்தும் கடிவாளத்துக்குக் கட்டுப்பட்ட குதிரைக்கு. யோவான் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். போஜனத்தை விட்டெழுந்து, வஸ்திரங்களைக் கழற்றி வைத்து, ஒரு சீலையை அரையிலே கட்டிக்கொள்கிறார். அப்புறம்தான் சீஷர்களின் காலுக்குத் தண்ணீர். முதலில் மேலாடையைக் கழற்றினார் என்பதை அந்தச் சுவிசேஷக்காரர் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார். பவுலோ கொலோசெயருக்கு எழுதும்போது, தயவையும் மனத்தாழ்மையையும் சாந்தத்தையும் "தரித்துக்கொள்ளுங்கள்" என்று துணிக்குச் சொல்கிற சொல்லாலேயே சொல்கிறார். துணிக்கடையில் 18,000 ரூபாய்க்குப் போடச் சொன்னது வேறு உடுப்பு.

இனிக் குறைக்கு வருகிறேன். கல்யாணம் திங்கட்கிழமை. வியாழன் மாலை கோட்டு கிடைக்கும் என்று சொல்லியிருந்தார். வியாழன் போனால், மேசையில் கோட்டு பிரிந்து கிடக்கிறது. இஸ்திரிப் பெட்டிச் சூடு அதிகமாகி, இடது பக்க லைனிங் ஒரு உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிப் பொசுங்கியிருந்தது. மேல்துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மெரூன் நிற லைனிங் இப்போது கிடைப்பதில்லை. அன்று காலையிலேயே நாலு கடை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

என் மகன் கத்திவிட்டான். "திங்கக்கிழமை கல்யாணத்த வச்சிக்கிட்டு என்னங்க வேலை பாக்குறீங்க? இது எங்க அப்பா கோட்டுன்னு சொன்னேன்ல?" தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற சத்தம். அண்ணாச்சி எழுந்து நின்றார். "என் கடையில நடந்தது தம்பி. என் பொறுப்பு. நீங்க கோவப்படுறது நியாயம்" என்றார். அவ்வளவுதான். கரண்ட் வந்து வந்து போனது, பழைய துணி, வேலை நெருக்கடி என்று எந்தச் சாக்கும் வரவில்லை.

பின்னால் இஸ்திரி மேசையில் நின்ற அந்தப் பையன் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியை வைத்துவிட்டு முன்னால் வந்தான். மகனைப் பார்த்துத் தன் நெஞ்சில் தானே தட்டிக் காட்டினான், நான்தான் என்று. அண்ணாச்சி அவன் தோளில் கைவைத்து, போய் வேலையைப் பார் என்று சைகை செய்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. "நான் செய்தேன்" என்று அவர் பொய் சொல்லவில்லை. "அவன் செய்தான்" என்று காட்டிக்கொடுக்கவும் இல்லை. "என் கடையில நடந்தது" என்றார். இரண்டுக்கும் நடுவே அவ்வளவு ஒடுக்கமான ஒரு இடம் இருக்கிறது, ஒரு மனுஷன் அதில் நேராக நிற்க முடியும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

மகன் கத்தியதைச் சொல்லிவிட்டு அதோடு விட முடியாது. அந்தக் குரல் அவன் அப்பாவுடைய குரல். என் வீட்டுக்காரரைச் சபையில் எல்லோரும் ஜென்டில்மேன் என்பார்கள். சபையை நடத்துகிற சேகரக் கமிட்டியில் இருந்தார். பெண்கள் வந்தால் எழுந்து நிற்பார், காணிக்கைக் கணக்கில் ஒரு ரூபாய் தவறாது. அதெல்லாம் உண்மை. வீட்டில் சட்டை இஸ்திரி சரியில்லை என்றால் அந்தக் குரல் வரும். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறாவது வருடமோ ஏழாவது வருடமோ, ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் வாசிக்கிற முறை என்னுடையது. 1 பேதுரு மூன்றாம் அதிகாரம். மனைவிகளுக்கு ஆறு வசனம், கல்யாண வீடுகளில் அதைத்தான் கேட்டிருப்போம். புருஷர்களுக்கு ஏழாம் வசனம் ஒன்றே ஒன்று. "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" மனைவியோடு விவேகத்தோடு வாழ்ந்து, அவளுக்குச் செய்ய வேண்டிய கனத்தைச் செய்யுங்கள் என்கிறது. நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் ஜெபம் செய்யவில்லை, என்னைச் செய்யச் சொன்னார்.

ஒரே நாளில் மாறினார் என்று சொன்னால் பொய். வருடங்கள் ஆயின. ஆனால் அந்த வாரத்திலிருந்து தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டார். குரல் உயர்ந்துவிட்டால், சில சமயம் ஒரு மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், வந்து "நான் பேசுனது தப்பு" என்பார். பிள்ளைகளுக்கு முன்னால் கத்தியிருந்தால் பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்வார். 2019இல் அவர் போன பிறகு வந்தவர்கள் அவருடைய கோட்டையும் நேரம் தவறாமையையும் பற்றிப் பேசினார்கள். நான் இதை நினைத்துக்கொண்டிருந்தேன். சபையில் அவரை ஜென்டில்மேன் என்றது எதற்காகவோ, எனக்குத் தெரிந்து அவர் அப்படி ஆனது இதனால்தான்.

வெள்ளிக்கிழமை காலை மகனிடம் இதைச் சொன்னேன். நான் சொல்லித்தான் போனான், தானாகப் போகவில்லை. ஆனால் போனவன் அண்ணாச்சியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரவில்லை. நேரே இஸ்திரி மேசைக்குப் போய், அந்தப் பையன் முகத்துக்கு எதிரே நின்று, கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான். சைகை வேறு தெரியாதே. அந்தப் பையன் சிரித்துக்கொண்டே பொசுங்கின லைனிங் துண்டை எடுத்து ஆட்டிக் காட்டினானாம். இதை மகன் வீட்டுக்கு வந்து சொன்னபோது, அவன் அப்பா இருந்திருக்கலாமே என்று இருந்தது.

சனிக்கிழமை மாலை கோட்டு கைக்கு வந்தது. வலது பக்கம் பழைய மெரூன் லைனிங், இடது பக்கம் புது நீலம். பொத்தான் போட்டால் ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கமும் நீலமாகவே போட்டுத் தந்திருக்கலாம், ஆனால் நல்லாயிருக்கிற பழையதை ஏன் எடுக்க வேண்டும் என்று விட்டிருக்கிறார். அதுதான் சரி என்று நினைக்கிறேன். லைனிங் துணிக்கும் அந்தக் கூடுதல் வேலைக்கும் காசு வாங்கவில்லை. பேசின 2,200இல் 400 குறைத்துக்கொண்டார். நான் முழுசாகக் கொடுத்துப் பார்த்தேன், வாங்கவில்லை. "வியாழக்கிழமைன்னு வார்த்தை கொடுத்தேன் டீச்சர்" என்றார். "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்று பதினைந்தாம் சங்கீதத்தில் வரும். வார்த்தை தவறிப்போன இடத்தில், அந்த நஷ்டத்தைத் தன் பக்கம் எழுதிக்கொள்வதும் அதில் சேர்த்திதான்.

கோட்டோடு ஒரு சின்ன உறையும் கொடுத்தார். உள்பையில் ஒரு காகிதம் இருந்ததாம், நாலாக மடித்தது. "பிரிச்சுப் பாக்கல டீச்சர். அப்படியே வச்சிருக்கேன்." இருபது நாளுக்கு மேல் அவரிடம் இருந்திருக்கிறது. அது நான் எழுதினதுதான். என்ன எழுதியிருந்தேன் என்பது இங்கே வேண்டாம்.

பேண்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணுக்கால் பக்கம் கொஞ்சம் தொளதொள என்றிருந்தது. இப்போதைய பிள்ளைகள் போடுகிற ஒட்டின மாதிரி பேண்ட் அண்ணாச்சி கைக்கு வரவில்லை. ஒரு தடவை பிடித்தும் கொடுத்தார், அப்போதும் முழுத் திருப்தி இல்லை. அந்த மாதிரி வேண்டும் என்றால் வேறு இடம் பாருங்கள். ஆனால் கல்யாணத்தன்று பலிபீடத்துக்கு முன்னால் மெத்தையில் முழங்காலிட்டபோது பேண்ட் எங்கும் பிடிக்கவில்லை. முதுகிலும் ஒரு சுருக்கம் விழவில்லை. மே மாத வெயிலில் டெரிவுல் கோட்டு போட்டு வியர்த்து நனைந்துவிட்டான், அதற்குத் தையல்காரர் ஒன்றும் செய்ய முடியாது. ஐயர் ஆசீர்வாதம் முடித்து எழும்பச் சொன்னதும் மருமகளின் சேலைக் கரை மெத்தை ஓரத்தில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட என் தங்கை மகள் ஓடி வந்தாள். அதற்குள் மகனே குனிந்து எடுத்துவிட்டுவிட்டான்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு கடை கிடையாது. மற்ற நாளில் காலை பத்தரைக்கு மேல் போங்கள். இரவு ஏழு மணிக்குப் பிறகு போனை எடுக்க மாட்டார். ரசீது இல்லை, நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். போனில் பணம் அனுப்பலாம், அதைப் பார்த்துக்கொள்வது அந்தப் பையன்தான். தொகையை ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு வேண்டும் என்றால் அக்டோபரிலேயே கொடுத்துவிட வேண்டும், மே மாதக் கல்யாணத்துக்குப் பங்குனிக்கு முன்னால். சொன்ன தேதியிலிருந்து ஒரு நாலு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரையலுக்கு மாப்பிள்ளையைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், அளவுச் சட்டை மட்டும் கொடுத்தனுப்பினால் வாங்க மாட்டார். பாய் கடையிலேயே இருக்கிறது.